நாம் தேர்ந்தெடுக்காத பகுதி



அனுதின வேத வாசிப்பைப் பற்றிப் பேசும்படி கேட்டுக்கொண்டார்கள். இந்தத் தலைப்பில் பேச வருகிறவர் என்ன சொல்வார் என்பது உங்களுக்கு மனப்பாடமாகவே தெரியும். அதிகாலையில் எழும்புங்கள், கைப்பேசியை அடுத்த அறையில் வையுங்கள், ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள் என்பார். எல்லாம் நல்ல புத்திதான். ஆனால் இதைச் சொல்ல உங்கள் ஆயரே போதும், என்னை வண்டி வைத்து அழைத்து வந்திருக்க வேண்டியதில்லை. ஆகவே நான் ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். நாளைக் காலையில் நீங்கள் வாசிக்கப்போகிற பகுதியைத் தேர்ந்தெடுப்பது யார்?

சின்னக் கேள்விதான். ஆனாலும் ஒருவருடைய விசுவாசம் ஆழப்படுகிறதா, இருக்கிற இடத்திலேயே சுற்றிச் சுற்றி வருகிறதா என்பது பெரும்பாலும் இதைப் பொறுத்துத்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். ஏன் அப்படி நினைக்கிறேன் என்று சொல்லப் பார்க்கிறேன்.

நம் ஊர் வழக்கம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். டிசம்பர் 31 இரவு ஆராதனை. பன்னிரண்டு அடித்து, புத்தாண்டு வாழ்த்துச் சொல்லி முடிந்ததும் ஒரு தட்டு வரும். தட்டு நிறைய வாக்குத்தத்த அட்டைகள். கண்ணை மூடி ஜெபித்து ஒன்றை எடுப்போம். அது பிறகு பீரோ கதவில் ஒட்டப்படும், அல்லது வேதாகமத்துக்குள் போகும், இப்போதெல்லாம் ஒரு மணி நேரத்துக்குள் வாட்ஸ்அப்பிலும் வந்துவிடும். எடுத்த வசனம் மனதுக்குப் பிடிக்காமல், பக்கத்தில் யாரும் பார்க்காதபோது இன்னொன்றை எடுத்துக்கொள்கிறவர்களும் உண்டு. சிரிக்கிறீர்கள், அப்படியானால் அந்த வரிசையில் நீங்களும் நின்றிருக்கிறீர்கள்.

அந்த அட்டையை நான் கேலி செய்யவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரே ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டு இரவைக் கடந்தவர்கள் இந்தக் கூட்டத்திலேயே பலர் இருப்பீர்கள். ஆனால் தட்டு உங்களிடம் வருமுன் ஒரு தேர்வு நடந்து முடிந்துவிட்டது என்பதைக் கவனியுங்கள். யாரோ ஒருவர் உட்கார்ந்து எந்தெந்த வசனம் அட்டைக்கு ஏற்றது என்று பொறுக்கியிருக்கிறார். சங்கீதம் 88 எந்தத் தட்டிலும் வராது. மற்ற முறையீட்டுச் சங்கீதங்கள் பெரும்பாலும் அழுகையில் தொடங்கினாலும் முடிவதற்குள் ஏதாவது ஒரு நம்பிக்கைக்கு வந்து சேரும். 88 அப்படி வந்து சேருவதில்லை. இருளில் தொடங்கி இருளிலேயே நின்றுவிடுகிறது. புலம்பல் மூன்றாம் அதிகாரத்தில், காலைதோறும் புதிதாகிற இரக்கத்தைப் பற்றிய 22, 23-ஆம் வசனங்கள் தவறாமல் தட்டில் இருக்கும். அதற்கு முந்தின இருபது வசனங்களில் அந்த மனிதன் தேவனைக் குற்றம் சாட்டுகிற பேச்சு ஒருபோதும் இருக்காது. கூர் உள்ள எல்லாவற்றையும் எடுத்துவிட்ட பிறகு மிஞ்சுகிற வேதாகமம்தான் நம் கைக்கு வருகிறது.

தட்டில் அடிக்கடி வருகிற ஒரு வசனத்தை மட்டும் சற்று நின்று பார்ப்போம். எரேமியா 29:11. உங்களைக் குறித்து நான் வைத்திருக்கிற நினைவுகள் தீமைக்கானவை அல்ல, சமாதானத்துக்கானவை என்று கர்த்தர் சொல்கிற இடம். வேலைக்குக் காத்திருக்கிற பிள்ளைக்கும், வரன் அமையாத பெண்ணுக்கும், விசாவுக்கு மனுப் போட்டவருக்கும் இந்த வசனம்தான் கொடுக்கப்படுகிறது. இது வருகிற கடிதத்தை முழுக்க வாசித்துப் பாருங்கள். எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறை கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதின கடிதம் அது. முந்தின அதிகாரத்தில் அனனியா என்கிற தீர்க்கதரிசி ஆலயத்தில் எல்லார் முன்பாகவும், இரண்டு வருஷத்துக்குள் எல்லாரும் திரும்பி வந்துவிடுவார்கள் என்று சொல்லிவிட்டான். ஜனங்கள் கேட்க விரும்பியது அதுதான். அதற்குப் பிறகு எரேமியாவின் கடிதம் போய்ச் சேருகிறது. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்யுங்கள், உங்களைச் சிறைபிடித்த அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்கிறது. பத்தாம் வசனம்: எழுபது வருஷம் ஆகும்.

எழுபது வருஷம்! அந்தக் கடிதத்தை வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் அநேகமாக ஒருவரும் ஊர் திரும்பப்போவதில்லை. அவர்களுடைய பிள்ளைகளிலேயே பலர் பாபிலோனில் அடக்கம் பண்ணப்படுவார்கள். அதைச் சொன்ன மறு வசனத்தில்தான் சமாதானத்துக்கான நினைவுகள் வருகின்றன. பத்தாம் வசனம் இல்லாமல் பதினோராம் வசனத்தை மட்டும் கையில் கொடுத்தால் எரேமியாவின் பெயரில் அனனியாவின் செய்தியைத்தான் கொடுக்கிறோம். இதைச் சற்றுக் கடுமையாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்தத் தவறு பிரசங்க பீடங்களிலும் நடக்கிறது. இரண்டு வசனத்தையும் சேர்த்து வாசித்தவருக்கு வாக்குத்தத்தம் பறிபோய்விடாது. தன் ஆயுசுக்குள் நிறைவேறாத வாக்குத்தத்தத்தையும் நம்பி, அந்நிய ஊரில் மரம் நடுகிற விசுவாசம் ஒன்று உண்டு என்று அவருக்குத் தெரியவரும். ஆழம் என்று நான் சொல்வது அதைத்தான்.

சரி, தேர்ந்தெடுக்காமல் வாசிப்பது எப்படி? ஒரு புத்தகத்தைத் தொடக்கத்திலிருந்து கடைசி வரை, வருகிற வரிசையில் வாசிப்பது. வேறு வித்தை எதுவும் இல்லை. நாம் கையாளுகிற 66 ஆகமங்களில் மொத்தம் 1,189 அதிகாரங்கள். வார நாட்களில் மூன்றும் ஞாயிற்றுக்கிழமை ஐந்துமாக வாசித்தால் ஒரு வருஷத்தில் முடிந்துவிடும். இந்தக் கணக்கைப் பலரும் ஜனவரி முதல் தேதி போடுகிறார்கள். ஆதியாகமம் கதையாக ஓடுகிறது. யாத்திராகமத்தின் பாதி வரை சிரமமில்லை. ஆசரிப்புக் கூடாரத்தின் திரைகள், கொளுவிகள், பாதங்கள் வரும்போது மூச்சு வாங்குகிறது. பிப்ரவரியில் லேவியராகமம் வருகிறது, வாசிப்பு நின்றுவிடுகிறது. ஓரம் அழுக்கேறிய பக்கங்கள் எங்கே முடிந்து வெள்ளைப் பக்கங்கள் எங்கே தொடங்குகின்றன என்று உங்கள் வேதாகமத்தைப் பக்கவாட்டில் பார்த்தாலே தெரியும்.

அங்கே நிறுத்தினவர் எதை இழக்கிறார் என்று ஓர் உதாரணம் சொல்கிறேன். லேவியராகமம் 12-ஆம் அதிகாரம் வெறும் எட்டு வசனம், பிள்ளை பெற்ற தாயின் சுத்திகரிப்பைப் பற்றியது. அவள் ஒரு வயதான ஆட்டுக்குட்டியைச் சர்வாங்க தகனபலியாகவும் ஒரு பறவையைப் பாவநிவாரண பலியாகவும் கொண்டுவர வேண்டும். எட்டாம் வசனத்தில் ஒரு சலுகை இருக்கிறது. ஆட்டுக்குட்டிக்கு அவளுக்குச் சக்தி இல்லையென்றால் இரண்டு காட்டுப்புறாவோ இரண்டு புறாக்குஞ்சோ போதும். வறட்சியான சட்டம் என்று தோன்றும். பல மாதம் கழித்து லூக்கா இரண்டாம் அதிகாரத்துக்கு வருகிறோம். யோசேப்பும் மரியாளும் குழந்தை இயேசுவை எருசலேம் ஆலயத்துக்குக் கொண்டுபோகிறார்கள். அவர்கள் செலுத்துகிற பலியைச் சொல்லும்போது லூக்கா பறவைகளை மட்டும் சொல்கிறார். ஆட்டுக்குட்டியைப் பற்றிப் பேச்சே இல்லை. அவர்கள் ஏழைகள் என்று லூக்கா ஓரிடத்திலும் எழுதவில்லை. எழுதத் தேவையும் இல்லை. லேவியராகமத்தைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த இரண்டு பறவைகளே போதும். உலகத்தின் பாவத்தைச் சுமக்கிற ஆட்டுக்குட்டி என்று யோவான் ஸ்நானன் காட்டப்போகிறவருடைய தாய்க்கு ஓர் ஆட்டுக்குட்டி வாங்க வசதியில்லை. இதை யாரும் எனக்குப் பிரசங்கிக்க வேண்டியதில்லை. இரண்டு அதிகாரத்தையும் வாசித்திருந்தால் அவை ஒன்றோடொன்று தாமே பேசிக்கொள்ளும்.

அதே லேவியராகமத்தின் 19-ஆம் அதிகாரத்தில்தான் வயலின் ஓரத்தைத் தீர அறுக்காமல் எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிடச் சொல்கிறது. கூலிக்காரனுடைய கூலியை விடியும்வரை வைத்திருக்கக் கூடாது என்கிறது. பிறனைத் தன்னைப்போல நேசிக்கும் கட்டளையும் அங்கேதான் இருக்கிறது. இயேசு இரண்டாவது பெரிய கட்டளையாக எடுத்துச் சொன்னது அது. அதை அன்பைப் பற்றிய அழகான பொன்மொழியாக நாம் சுவரில் மாட்டியிருக்கிறோம். அது இருக்கிற இடத்தில் அதற்குச் சில வசனங்கள் முன்னால் தினக்கூலி இருக்கிறது, செவிடனைத் தூஷிப்பதும் குருடன் வழியில் தடுக்கல் வைப்பதும் இருக்கின்றன. வீட்டு வேலைக்கு வருகிற அக்காவுக்கு மாதச் சம்பளத்தை இரண்டு வாரம் இழுத்தடிக்கிற விசுவாசிக்கு இந்த அதிகாரம் ஒரு காலை வேளையில் வந்து சேர வேண்டும். அவராக அதைத் தேடிப் போகமாட்டார்.

எண்ணாகமம் 26-ஐயும் சொல்ல வேண்டும். முழுக்க முழுக்கப் பேர்ப்பட்டியல், கோத்திரம் கோத்திரமாக ஆண்களின் எண்ணிக்கை. அதைத் தாண்டிவிடாதவர்களுக்கு 27-இல் செலோப்பியாத்தின் குமாரத்திகள் ஐந்து பேர் மோசே முன்பாக வந்து நிற்கிறார்கள். எங்கள் தகப்பனுக்கு மகன் இல்லை என்பதற்காக எங்களுக்குக் காணி இல்லையா என்று கேட்கிறார்கள். மோசேக்குப் பதில் தெரியவில்லை, கர்த்தரிடம் போகிறார். அவர்கள் சொல்வது சரி என்று பதில் வருகிறது. 26-இன் பட்டியலில்தான் நிலம் யாருக்கு எவ்வளவு என்பது நிர்ணயமாகிறது. அந்தப் பட்டியலின்படி நிலத்தில் பங்கு இல்லாதவர்கள் எழுப்பின குரல் 27. பட்டியலைத் தாண்டிக் குதித்தவருக்கு அந்தக் குரலின் பலம் பாதிதான் கேட்கும். 36-ஆம் அதிகாரத்தில் அவர்களுடைய கோத்திரத்துப் பெரியவர்கள் வந்து, இந்தப் பெண்கள் வெளியே கலியாணம் செய்தால் நிலம் போய்விடுமே என்று நிபந்தனை கேட்பதும் இருக்கிறது. சொத்து விஷயத்தில் சித்தப்பா பெரியப்பாமார் அன்றைக்கும் இன்றைக்கும் ஒன்றுதான்.

இனி இந்த வாசிப்பு முறைக்கு இருக்கிற வரலாற்றுக்கு வருகிறேன். நம் கரையோடும் அதற்கு ஓர் ஒட்டு உண்டு. 1706-இல் மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடிக்கு வந்து இறங்கினார். அவர் அங்கிருந்து அனுப்பிய செய்திகள் ஜெர்மனியில் ஹாலே நகரத்தில் பிராங்கே என்கிற பேராசிரியரின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தன. அவர் நடத்திய பள்ளியில் 1710 முதல் 1716 வரை படித்த ஒரு பிரபுகுலப் பையன் தரங்கம்பாடிச் செய்திகளைக் கேட்டு வளர்ந்தான். பெயர் சின்சென்டார்ஃப். நம் தமிழ்ப் புதிய ஏற்பாடு 1714, 1715-இல் தரங்கம்பாடியில் அச்சேறிய காலத்தில் அவன் அந்தப் பள்ளி மாணவன். பின்னாளில் அவருடைய நிலத்தில் மொராவிய அகதிகள் வந்து குடியேறி ஹெர்ன்ஹுட் என்கிற சிற்றூரை உண்டாக்கினார்கள். 1728-இல் ஒரு நாள் மாலைக் கூட்டத்தில் அவர் மறுநாளுக்கு என்று ஒரு வாசகத்தைக் கொடுத்தார். அதைச் சகோதரர்கள் மறுநாள் வீடுவீடாகக் கொண்டுபோனார்கள். அப்போது அங்கே இருந்தவை 32 வீடுகள். 1731-இல் ஒரு வருஷத்துக்கான வாசகங்கள் முதன்முதலாக அச்சில் வந்தன. அன்று தொடங்கி ஒரு வருஷமும் தவறாமல் அந்தச் சிறு புத்தகம் வந்துகொண்டிருக்கிறது, இன்றைக்கு ஐம்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில். 1760-இல் அந்த மொராவிய சகோதரர்கள் தரங்கம்பாடிக்கே வந்து குடியேறினார்கள்.

அந்த வாசகங்களை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் தெரியுமா? சீட்டுப் போட்டு எடுக்கிறார்கள்! ஆயிரத்து எண்ணூற்றுக்கும் மேற்பட்ட பழைய ஏற்பாட்டு வசனங்களுக்கு எண் கொடுத்து, மூன்று வருஷத்துக்கு முன்னாலேயே நாள் ஒன்றுக்கு ஒன்றாகச் சீட்டு எடுத்து வைக்கிறார்கள். அதற்குப் பொருத்தமான புதிய ஏற்பாட்டு வசனத்தை ஒருவர் தேடிச் சேர்க்கிறார். இப்போது நீங்கள் என்னை மடக்கலாம். வாக்குத்தத்த அட்டையைக் குறை சொல்லிவிட்டுச் சீட்டைப் புகழ்கிறீரே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒரு வேறுபாடு இருக்கிறது. நம் தட்டில் எடுப்பது எனக்கென்று நானே எடுப்பது. அவர்களுடைய சீட்டு எனக்காக எடுக்கப்பட்டதல்ல. என் கவலை என்ன என்று தெரியாமல், அது உண்டாவதற்கு மூன்று வருஷம் முன்பே, எங்கோ எடுத்து வைத்தது. அதே வசனத்தை இன்று ஓர் ஆப்பிரிக்கக் கிராமத்தில் ஒருவரும் ஜெர்மனியில் ஒருவரும் வாசிக்கிறார்கள். அது எனக்குப் பொருந்த வேண்டிய அவசியமில்லை. நான் அதற்குப் பொருந்துகிறேனா என்பதுதான் அந்த நாளின் வேலை. இருந்தாலும் தனி வசனம் தனி வசனம்தான். முழு அதிகாரத்தையும் வாசிக்கிறவருக்கு அது துணையாக இருக்கலாம், அதுவே சாப்பாடு ஆகிவிடக் கூடாது.

இப்படித் தேர்ந்தெடுக்காமல் வாசிப்பதற்குச் சாட்சியாக ஒருவரைச் சொல்ல வேண்டும். டீட்ரிக் போன்ஹோஃபர், ஹிட்லர் காலத்து ஜெர்மானியப் போதகர். 1934-இல் அவர் இந்தியாவுக்கு வந்து காந்தியாரோடு தங்க விரும்பினார், காந்தியாரும் வரச்சொல்லிக் கடிதம் எழுதினார். ஆனால் 1935-இல் ஃபின்கன்வால்டே என்கிற இடத்தில் இளம் போதகர்களுக்கான பயிற்சிப் பள்ளியை நடத்தும் பொறுப்பு வந்தது, அங்கே போய்விட்டார். அந்தப் பள்ளியில் காலை வேளையில் அரை மணி நேரம் மௌன தியானம். ஒரு வாரம் முழுதும் ஒரே சிறு பகுதி. விளக்க நூல் கூடாது, பிரசங்கத்துக்குக் குறிப்பு எடுக்கக் கூடாது. மாணவர்களுக்கு இது பிடிக்கவில்லை. தூக்கம் வருகிறது, மனம் அலைகிறது, என்ன செய்வதென்றே தெரியவில்லை என்று முறையிட்டார்கள். இதில் துறவு மடத்து வாசனை அடிக்கிறது என்று கார்ல் பார்த் என்கிற பெரிய இறையியலாளரே சங்கடப்பட்டார். போன்ஹோஃபர் விடவில்லை. 1937-இல் ரகசியப் போலீஸ் பள்ளியை மூடின பிறகும், சிதறிப்போன மாணவர்களுக்குச் சுற்றுக்கடிதம் அனுப்பினார், அதில் அந்தந்த வாரத்துத் தியானப் பகுதியும் போகும்.

1938 நவம்பர் 9 இரவு ஜெர்மனி முழுதும் யூதர்களின் ஜெப ஆலயங்கள் எரிக்கப்பட்டன. பெரும்பாலான பிரசங்க பீடங்கள் வாய் திறக்கவில்லை. சங்கீதங்களை அன்றாடம் ஜெபிக்கிற வழக்கமுள்ள போன்ஹோஃபர் தன் வேதாகமத்தில் சங்கீதம் 74-ஐத் திறந்து எட்டாம் வசனத்தில் கோடிட்டு, ஓரத்தில் அந்தத் தேதியை எழுதினார். பகைவர் தேசத்தில் உள்ள தேவனுடைய வழிபாட்டு இடங்களையெல்லாம் சுட்டெரித்ததைச் சொல்கிற வசனம் அது. கவனியுங்கள், எரிந்தவை யூதர்களுடைய ஜெப ஆலயங்கள். அவற்றை அவர் தேவனுடைய வீடுகள் என்று சொல்கிற வசனத்தின் பக்கத்தில் தேதி போடுகிறார். அந்த மாதமே மாணவர்களுக்கு எழுதின கடிதத்தில் சங்கீதம் 74-ஐயும், சகரியா 2-ஐயும், இஸ்ரவேலைப் பற்றி ரோமர் 9-உம் 11-உம் சொல்கிற இடங்களையும் இந்த நாட்களில் அதிகமாக நினைத்துக்கொண்டிருப்பதாகக் குறிப்பிட்டார். ஆறுதல் வசனங்களை மட்டும் பொறுக்கி வாசித்தவர்களுக்குச் சங்கீதம் 74 கைவசம் இருந்திருக்காது. அந்த இரவை என்னவென்று அழைப்பது என்றே அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

அடுத்த ஆண்டு ஜூனில் நண்பர்கள் அவரைப் பத்திரமாக நியூயார்க்குக்கு அனுப்பிவைத்தார்கள். வேலையும் ஆயத்தமாக இருந்தது. அவருக்கு அங்கே இருப்புக் கொள்ளவில்லை. ஜூன் 20-ஆம் தேதி வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். 26-ஆம் தேதி அவர் வாசித்த பகுதியில் 2 தீமோத்தேயு 4:21 இருந்தது. மாரிகாலத்துக்குமுன் வந்துவிடும்படி பவுல் தீமோத்தேயுவைக் கேட்டுக்கொள்கிற இடம். அந்த வார்த்தை நாள் முழுதும் மனதை விட்டுப் போகவில்லை என்று நாட்குறிப்பில் எழுதினார். ஜூலையில் ஜெர்மனிக்குக் கப்பல் ஏறினார். இந்தச் சம்பவத்தைப் பிரசங்கங்களில் சொல்லும்போது வசனம் வந்தது, உடனே புறப்பட்டார் என்று சுருக்கிவிடுகிறார்கள். அது சரியல்ல. தேதிகளைப் பாருங்கள். முடிவு முந்தியே எடுத்தாயிற்று. ஆறு நாள் கழித்துத்தான் அந்த வசனம் வருகிறது. அது அவருக்குப் பதிலாக முடிவெடுக்கவில்லை. குறி கேட்கிற மாதிரி வேதத்தைத் திறக்கிறவர்களுக்கு இந்த ஆறு நாள் வித்தியாசத்தைத்தான் சொல்ல விரும்புகிறேன்.

1943 ஏப்ரலில் கைதாகி பெர்லினில் டேகல் சிறையில் இருந்தபோது அவர் வேதாகமத்தை முதலிலிருந்து வரிசையாக வாசித்தார். ஏழு மாதத்தில் பழைய ஏற்பாட்டை இரண்டரை முறை வாசித்துவிட்டதாக நண்பருக்கு எழுதுகிறார். 1944 ஜூலை 20-ஆம் தேதி ஹிட்லரைக் கொல்ல எடுத்த முயற்சி தோற்றது. தன் உயிருக்கு இனி உத்தரவாதம் இல்லை என்று அவருக்குத் தெரியும். மறுநாள் எழுதின கடிதத்தில், நேற்றும் இன்றும் வந்த ஹெர்ன்ஹுட் வாசகங்கள் தனக்கு மகிழ்ச்சி தந்ததைச் சொல்கிறார். ஒன்று இரதங்களையும் குதிரைகளையும் நம்புகிறவர்களைப் பற்றிய சங்கீதம் 20, மற்றது மேய்ப்பனைப் பற்றிய 23. முன்கூட்டியே சீட்டில் விழுந்த வசனங்கள் அவை. 1945 ஏப்ரல் 9-ஆம் தேதி ஃப்ளோசன்பூர்க் முகாமில் அவர் தூக்கிலிடப்பட்டார்.

இவ்வளவும் கேட்டபின் ஒருவருக்கு வரும் பயம், இது சட்டமாகிவிடாதா என்பது. ஆகும். அட்டவணை போட்டவர்களே அதை அறிந்திருந்தார்கள். ஸ்காட்லாந்தில் டண்டி நகரத்து ஆயர் ராபர்ட் மர்ரே மக்செயின் 1842 முடிவில் தன் சபைக்காக ஒரு வாசிப்பு அட்டவணை தயாரித்தார். நாளுக்கு நான்கு அதிகாரம், இரண்டு குடும்பமாக, இரண்டு தனியறையில். வருஷத்தில் பழைய ஏற்பாடு ஒரு முறை, புதிய ஏற்பாடும் சங்கீதங்களும் இரண்டு முறை. அட்டவணையைக் கொடுக்கும்போதே அதனால் வரக்கூடிய ஆபத்துகளை அவர் முதலில் வரிசைப்படுத்தினார். வெறும் சடங்காகலாம், முடித்துவிட்டேன் என்ற சுயநீதி வரலாம், கவனமில்லாமல் ஓட்டலாம், சிலருக்குச் சுமக்க முடியாத நுகமாகலாம் என்றார். தன் சரக்கின் குறையை முதலில் சொல்லுகிற வியாபாரியை அபூர்வமாகத்தான் பார்க்க முடியும். நன்மைகளில் அவர் சொன்ன ஒன்று எனக்கு முக்கியம். எந்தப் புல்வெளியில் மந்தை மேய்கிறது என்று மேய்ப்பனுக்குத் தெரிந்திருக்கும். எல்லா வீட்டிலும் அன்று அதே பகுதி, ஆகவே தெருவில் சந்தித்தால் பேசிக்கொள்ள ஒன்று இருக்கும். அவர் அந்த அட்டவணையின் முதல் வருஷத்தை முடிக்கவில்லை. 1843 மார்ச் 25-ஆம் தேதி டைபஸ் காய்ச்சலில் இறந்துபோனார், வயது 29.

கத்தோலிக்க நண்பர்கள் சிலர் இங்கே இருக்கிறீர்கள். இப்படி முன்பே வகுத்த வாசிப்பு ஒழுங்கு உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் இறைவெளிப்பாட்டைப் பற்றிய ஏட்டில் எல்லா விசுவாசிகளும் திருநூலை அடிக்கடி வாசிக்க வேண்டும் என்று வற்புறுத்தியது. அதன் பின்னர் வந்த வாசக ஒழுங்கில் ஞாயிறுக்கு மூன்றாண்டுச் சுற்று, வார நாட்களுக்கு இரண்டாண்டுச் சுற்று. அன்றாடத் திருப்பலி வாசகத்தைப் பங்குத் தந்தை தன் இஷ்டப்படி எடுப்பதில்லை. இந்த விஷயத்தில் எங்களைவிட நீங்கள் கட்டுப்பாடானவர்கள்.

எழுத்து வாசிக்கத் தெரியாதவர்களும் கண் மங்கினவர்களும் என்ன செய்வது? வேதாகமத்திலேயே பெரும்பாலும் வாசிப்பு என்பது கேட்பதுதான். நெகேமியா எட்டாம் அதிகாரத்தில் எஸ்றா விடியற்காலம் தொடங்கி மத்தியானம் வரை வாசிக்கிறார். லேவியர்கள் ஜனங்களுக்கு நடுவே நின்று அர்த்தம் சொல்கிறார்கள். எத்தியோப்பிய மந்திரி இரதத்தில் சத்தமாக வாசித்ததனால்தான் பிலிப்புவின் காதில் ஏசாயா விழுந்தது. வாசிக்கிறது விளங்குகிறதா என்று கேட்டபோது, ஒருவன் தெரிவிக்காவிட்டால் எப்படி விளங்கும் என்று அந்த மந்திரி கூச்சமில்லாமல் கேட்டார். பெரோயா பட்டணத்தார் பவுல் சொன்னதையே நாள்தோறும் வேதவாக்கியங்களோடு ஒத்துப்பார்த்தார்கள் என்று அப்போஸ்தலர் 17 சொல்வது இன்னொரு பக்கம். போதகர் தேவை, போதகரைச் சோதிக்கிற சபையும் தேவை. தனியாக மட்டும் வாசிக்கிறவர் சீக்கிரத்தில் தன் சொந்தக் கருத்துக்கு வசனம் தேட ஆரம்பித்துவிடுவார். அப்படிப்பட்டவர்கள் ஆரம்பித்த சபைகள் எத்தனை என்று நம் ஊர்ச் சுவரொட்டிகளைப் பார்த்தால் போதும்.

ஆகவே உங்கள் சபைக்கு ஒரு யோசனை. ஜனவரிக்குக் காத்திருக்க வேண்டாம். ஒரு தாளில் அடுத்த மூன்று மாதத்துக்கு மட்டும் பகுதிகளை அச்சிட்டு எல்லா வீட்டுக்கும் கொடுங்கள். நாளுக்கு ஓர் அதிகாரமும் ஒரு சங்கீதமும் போதும். லூக்காவில் தொடங்கினால் 24 நாள், தொடர்ந்து அப்போஸ்தலர் நடபடிகள் 28 நாள், அதன்பின் லேவியராகமம் 27 நாள். இந்த வரிசையில் போனால் லேவியராகமம் அவ்வளவு அந்நியமாக இருக்காது. சங்கீதங்களை ஒன்றிலிருந்து வரிசையாக எடுங்கள், எதையும் தாண்டாதீர்கள். பகைவரைச் சபிக்கிற சங்கீதங்களையும் குடும்ப ஜெபத்தில் வாசியுங்கள். பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள், கேட்கட்டும். உங்களுக்குப் பதில் தெரியாவிட்டால் ஆயரிடம் அனுப்புங்கள், அவருக்கும் தெரியாவிட்டால் இரண்டு பேரும் சேர்ந்து தேடுங்கள். ஒரு நாள் தவறினால் அந்தப் பகுதியை விட்டுவிட்டு அன்றைய பகுதிக்குப் போங்கள். விட்டதையெல்லாம் சேர்த்து முடிக்கிறேன் என்று உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் அடுத்த வாரமே நிறுத்திவிடுகிறார்கள். ஆயர் அவர்கள் ஞாயிறு பிரசங்கத்தை அந்த வாரத்துப் பகுதியிலிருந்தே எடுக்கட்டும். முக்கியமாக, அவருக்குப் பிடிக்காத அதிகாரம் வருகிற வாரத்தில்.

எனக்குக் கொடுத்த நேரம் முடிந்துவிட்டது. கேள்விகள் இருந்தால் கேளுங்கள், பின்வரிசையில் இருக்கிற பெரியவர்களுக்கு ஒலிபெருக்கியைக் கொண்டுபோய்க் கொடுங்கள்.